அலகு வளைந்து தீட்டுகிறதா? கல்லைப் பாருங்கள்: சாணைக்கல்லை மட்டம் எடுக்கும் கருவி, அறிகுறி வாரியாக

இழைப்புளி அலகை அரை மணி நேரம் தீட்டி மாட்டினால் நடுவில் மட்டும் சீவல் வருகிறது. உளியின் வாய் ஒரு பக்கமாக இறங்குகிறது. முதுகு (சரிவு இல்லாத தட்டைப் பக்கம்) பளபளக்கிறது, வாயருகே மட்டும் மங்கலாகவே நிற்கிறது. இப்படியெல்லாம் நடந்தால் கையைச் சந்தேகப்படுவதற்கு முன் கல்லைச் சோதியுங்கள். குழி விழுந்த கல்லில் எவ்வளவு நிதானமான கையாலும் நேரான வாய் தீட்ட முடியாது. கல்லை மட்டம் எடுக்க எதை வாங்குவது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அது உங்கள் கல்லின் வகையையும், இப்போது தெரியும் கோளாறையும் பொறுத்தது.

முதலில் கல்லின் நிலை

கல்லைக் கழுவித் துடையுங்கள். ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைக் குத்தாக அதன்மேல் நிறுத்தி, பின்னால் டியூப்லைட் வெளிச்சம் இருக்கும்படி கண்மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் மூன்று இடத்தில், மூலைக்கு மூலை இரண்டு தடவை. ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. ஸ்கேலுக்கும் கல்லுக்கும் நடுவே அந்தத் தாளின் துண்டு தடையில்லாமல் நுழைந்தால், மட்டம் எடுத்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

ஸ்கேல் நேராக இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதை வைத்து மெல்லிய கோடு கிழித்து, ஸ்கேலைப் புரட்டிப் போட்டு, அதே இரு முனைப்புள்ளிகள் வழியே அதே விளிம்பால் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். நடுவில் பிரிந்தால் அந்த ஸ்கேலை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

அறிகுறி: அலகு நடுவில் மட்டும் சீவுகிறது

கல்லின் அகலத்தில் குழி விழுந்திருக்கிறது. அது சிறிய குழிதானே என்று விடுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 70 மி.மீ. அகலமுள்ள வாட்டர் ஸ்டோனில் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்) நடுவே 0.2 மி.மீ. குழிவு என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. அகல அலகு அதில் உட்காரும் பகுதியில் மட்டும் குழிவு 0.1 மி.மீ. ஆனால் தீட்டும் கோணம் 30 பாகை என்றால், சரிவிலிருந்து தேயும் ஒவ்வொரு பங்குக்கும் வாய் இரண்டு பங்கு பின்வாங்கும். ஆக அலகின் வாய் 0.2 மி.மீ. வளைந்துவிடுகிறது. 45 பாகையில் படுத்திருக்கும் இழைப்புளியில் அதையே மாட்டினால், நடுப்பகுதியைவிட மூலைகள் 0.14 மி.மீ. மேலே நிற்கும். 0.05 மி.மீ. சீவல் எடுக்கப் பார்த்தால் அந்த அலகு தன் 50 மி.மீ.யில் 30 மி.மீ.யை மட்டும்தான் வெட்டும்.

முரட்டு வேலைக்கு அலகை வேண்டுமென்றே வளைத்துத் தீட்டுபவர்கள் உண்டு. அதை அழுத்தத்தால் செய்ய வேண்டும், கல்லின் குழியிடம் விட்டுவிடக் கூடாது.

800 முதல் 3000 கிரிட் (துகளின் அளவைக் காட்டும் எண், எண் கூடக் கூடத் துகள் நுண்மை) வரையுள்ள வாட்டர் ஸ்டோனுக்கு, கையில் பணம் குறைவு என்றால், கண்ணாடியும் வாட்டர் பேப்பரும் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போதும். கண்ணாடிக் கடையில் 10 அல்லது 12 மி.மீ. கனத்தில் 300×400 மி.மீ. துண்டு கேளுங்கள், விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். இந்தக் கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்கிறார்கள். அந்த மலிவு விலைக்கு இவ்வளவு மட்டமான பரப்பு வேறு கிடைப்பது கடினம். 5 மி.மீ. கண்ணாடி வேண்டாம், அது அழுத்தத்தில் வளையும். கிரானைட் துண்டையோ கடப்பாக்கல்லையோ சிலர் எடுக்கிறார்கள். பார்வைக்கு வழுவழு என்று இருந்தாலும் பாலிஷ் போட்ட இயந்திரத்தின் அலை அதில் இருக்கக்கூடும். ஸ்கேல் வைத்துச் சோதித்துத் தேறினால் மட்டும் பயன்படுத்துங்கள்.

செய்முறை:

1. கண்ணாடிக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள். மேசை மட்டமாக இருக்கட்டும்.
2. கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, 220 கிரிட் வாட்டர் பேப்பரை முழுத் தாளாகப் பரப்பி, நடுவிலிருந்து வெளியே கையால் நீவி நீர்க்குமிழிகளை வெளியேற்றுங்கள். தண்ணீரே தாளைப் பிடித்துக்கொள்ளும்.
3. ஊறவைக்க வேண்டிய கல் என்றால் முன்பே ஊறியிருக்க வேண்டும். காய்ந்த கல் தாளிலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும்.
4. கல்லின் முகத்தில் பென்சிலால் 15 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். விளிம்பு வரை கோடு போக வேண்டும்.
5. இரண்டு கையாலும் கல்லின் நடுவில் பிடித்து, குட்டையாக, எட்டு வடிவத்தில் நகர்த்துங்கள். கல் தாளுக்கு வெளியே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.
6. இருபது நகர்த்தலுக்கு ஒரு முறை கல்லைத் தலைகீழ்த் திசைக்குத் திருப்புங்கள்.
7. எடுத்துப் பாருங்கள். விளிம்பில் கோடு அழிந்து நடுவில் மிச்சம் இருந்தால் அதுதான் குழி. நடுக்கோடும் போன பிறகு மறுபடி கட்டம் போட்டு, பத்துப் பன்னிரண்டு நகர்த்தலில் எல்லாக் கோடும் ஒரே சீராக மங்குகிறதா என்று பாருங்கள்.

இந்தக் கடைசிச் சோதனையை விடாதீர்கள். முதல் கட்டம் அழிந்தது என்றால் எல்லா இடமும் தொடப்பட்டது என்று மட்டுமே அர்த்தம்.

ஒரு தாள் இரண்டு மூன்று கல்லுக்கு மேல் தாங்காது. அதனால்தான், மூன்று நான்கு கல் வைத்து வாரம் முழுக்கத் தீட்டுபவருக்கு, வைரத் துகள் பதித்த உலோகத் தட்டான வைரத் தட்டே மலிவாக முடியும். 140 கிரிட் ஆட்டோமா போன்ற தட்டு இந்த வகைக் கல்லுக்கு நல்ல தேர்வு. வைரம் புள்ளி புள்ளியாகப் பதிந்திருப்பதால் சேறு வெளியேற வழி உண்டு. தேய்ந்தால் வைரத் தாளை மட்டும் உரித்து வேறு ஒட்டலாம். வைரத் தட்டு எதுவாக இருந்தாலும் அகலமும் நீளமும் கல்லின் அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

அறிகுறி: உளியின் வாய் ஒரு பக்கம் இறங்குகிறது

மூலைமட்டத்தை உளியின் பக்கத்தில் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் இறங்கினால், கல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒரே நீளமுள்ள இரண்டு ஸ்கேலைக் கல்லின் இரு முனையிலும் குத்தாக நிறுத்தி, ஒன்றின் மேல்விளிம்பு வழியே மற்றதைப் பார்த்தால் முறுக்கு தெரியும். எப்போதும் கல்லின் ஒரே மூலையில் குறுகிய உளியைத் தீட்டுவதால் வருவது இது. மட்டம் எடுக்கும் முறை மேலே சொன்னதுதான்.

கல் ஒரு முனையில் 25, மறுமுனையில் 23 மி.மீ. கனம் என்று வெர்னியர் காட்டினால் பதறாதீர்கள். கையால் தீட்டுபவருக்கும், கல்லின்மேலேயே உருளும் கைடு (அலகைக் கோணம் மாறாமல் பிடிக்கும் சக்கரக் கருவி) வைத்திருப்பவருக்கும் அதனால் நஷ்டமில்லை. முகம் மட்டமாக இருந்தால் போதும். கைடின் சக்கரம் மேசைமேல் ஓடும் வகை என்றால் மட்டும் கல்லின் கனமும் சீராக இருக்க வேண்டும்.

அறிகுறி: உளியின் முதுகு வாயருகே மினுங்குவதில்லை

முதுகைக் குழிக்கல்லில் குறுக்காக வைத்துத் தேய்த்தால், கல்லின் விளிம்பில் முதுகு உரசும், வாய் குழியின்மேல் அந்தரத்தில் நிற்கும். பின்னால் 20 மி.மீ. தூரம் கண்ணாடிபோல் ஆகி, வாயை ஒட்டிய 2 மி.மீ. அப்படியே இருக்கும். அங்கே மினுக்கம் வரட்டும் என்று கைப்பிடியைச் சற்றுத் தூக்குவது பெரிய தவறு. அதோடு முதுகு வயிறு தள்ளிவிடும், திரும்ப மட்டமாக்க மணிக்கணக்கில் ஆகும். நிறுத்திவிட்டு, முதலில் கல்லை மட்டம் எடுங்கள்.

முதுகு வேலைக்குக் கல் மற்ற எப்போதையும்விட மட்டமாக இருக்க வேண்டும். மென்மையான வாட்டர் ஸ்டோன் என்றால் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தட்டில் பத்து இழுப்பு இழுத்துக்கொண்டே போங்கள். குழி 0.1 மி.மீ. ஆகும்வரை காத்திருந்து ஒரேயடியாக எடுப்பதைவிட, கல்லும் தட்டும் இதில் குறைவாகவே தேயும்.

சமையலறைக் கத்திக்கு இத்தனை கவலை தேவையில்லை. வளைந்த வாயுள்ள கத்தியை ஓரளவு குழிந்த கல்லிலும் நன்றாகத் தீட்டலாம்.

அறிகுறி: மட்டம் எடுத்தும் இப்போது நடுவில் மேடு

ஸ்கேல் வைத்தால் நடுவில் உட்கார்ந்து ஊஞ்சலாடுகிறது. இதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, தாள் சரியாக ஒட்டவில்லை. கல் நகரும்போது அதன் முன்னால் தாள் சுருண்டு எழும்பி, முன்விளிம்பைக் கூடுதலாகக் கரைக்கும். தாளை மாற்றி, நன்றாக நீவிப் பரப்புங்கள்.

இரண்டாவது, இழுப்பு நீளம். கல்லைக் கீழே வைத்து வைரத் தட்டை மேலே பிடித்து, முனைக்கு வெளியே வெகுதூரம் போகும்படி இழுத்தால், தட்டின் கனமெல்லாம் கல்லின் முனையில் விழும், முனைகள் தேய்ந்து நடு மேடாகும். தட்டைக் கீழே வைத்துச் சிறிய தட்டின்மேல் கல்லை நீளமாக ஓட்டினால் நேர்மாறு, நடு குழியும். மேடு தெரிந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பிடித்து, இழுப்பைக் குறையுங்கள். கண்ணாடித் துறையில் லென்ஸ் தேய்ப்பவர்கள் வேண்டுமென்றே பயன்படுத்தும் குணம்தான் இது: ஒரே அளவுள்ள இரண்டு தகட்டில் மேலே ஓடுவது குழியும், கீழே இருப்பது மேடாகும்.

மூன்றாவது, கருவியே மட்டமில்லை. கோடு கோடாகப் பள்ளம் வெட்டி, ‘கல்லை மட்டமாக்கும் கல்’ என்று விற்கும் சிலிக்கன் கார்பைடு கட்டிகளை வாங்கியவுடன் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சூளையில் சுடும்போதே வளைந்துபோன கட்டி வரக்கூடும். மட்டமாக வந்தாலும், வேலை செய்யச் செய்ய அதுவும் தேயும், அதையும் ஏதோ ஒன்றில் மட்டம் எடுத்தாக வேண்டும். அந்த ஏதோ ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் இந்தக் கட்டி எதற்கு? முதல் கருவியாக இதை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. வாசல் சிமெண்ட் படியில் தேய்ப்பதும் இதே கதை. வேகமாகக் கரையும், ஆனால் படி மட்டமில்லை, கல் ஆடி ஆடி விளிம்பு உருண்டுவிடும்.

கையில் எந்தக் கருவியும் இல்லை, ஒரே வகைக் கல் மூன்று இருக்கிறது என்றால் வழி உண்டு. முதல் கல்லையும் இரண்டாவதையும், பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும், பிறகு மூன்றாவதையும் முதலாவதையும் ஒன்றோடொன்று தேய்த்து, சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சுற்றுக்குச் சுற்று மேலும் கீழும் மாற்றி, கல்லைத் திருப்பியும் வையுங்கள். இரண்டே கல்லைத் தேய்த்தால் ஒன்று மேடும் ஒன்று குழியுமாகக் கச்சிதமாகப் பொருந்திப்போக முடியும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்றால் மட்டமாக மட்டுமே இருக்க முடியும். இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் உலோக மட்டத் தகடுகளைப் பற்றிப் பேசியபோது முன்வைத்ததும் மூன்று தகட்டை ஒன்றோடொன்று ஒப்பிடும் இந்தத் தர்க்கம்தான். அவர் தேய்க்காமல் சுரண்டி மட்டம் எடுக்கச் சொன்னார். கல்லுக்குத் தேய்ப்பதுதான் வழி.

அறிகுறி: தட்டு கல்லோடு ஒட்டிக்கொள்கிறது

4000-க்கு மேலுள்ள நுண்கல்லை வைரத் தட்டில் வைத்தால், மட்டம் நெருங்க நெருங்க இரண்டும் கவ்விக்கொள்ளும். பிய்த்து எடுக்கும்போது கல் கைநழுவி விழுந்து உடைவதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே காற்று போக இடமில்லாத மெல்லிய நீர்ப்படலம்தான் காரணம். குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் செய்யுங்கள், அழுத்தாதீர்கள். ஒட்டிவிட்டால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் சறுக்கி எடுங்கள். இன்னும் வாங்காதவர்கள், பரப்பு முழுக்க வைரம் பூசிய தட்டைத் தவிர்த்து, புள்ளியாகவோ துளையுடனோ இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அறிகுறி: மட்டம் எடுத்த பிறகு 8000 கல்லில் ஆழமான கீறல்

மினுக்கத்தின் நடுவே ஒற்றைக் கீறல், அதே இடத்தில் திரும்பத் திரும்ப. எங்கிருந்தோ ஒரு முரட்டுத் துகள் நுண்கல்லில் பதிந்திருக்கிறது. 220 கிரிட் தாளின் துகள் 65 மைக்ரானுக்கு மேல். 8000 கல்லின் துகளோ 1 மைக்ரானை ஒட்டியது. ஒரே ஒரு துகள் போதும், தீட்டியதெல்லாம் வீண்.

உடனே செய்ய வேண்டியது: ஓடும் தண்ணீரில் நைலான் பிரஷ்ஷால் கல்லின் முகத்தையும் பக்கங்களையும் தேய்த்துக் கழுவி, 400 கிரிட் அளவுள்ள நுண்தட்டில் ஐந்தாறு இழுப்பு எடுத்து, மறுபடி கழுவுங்கள். கீறல் தொடர்ந்தால் இன்னும் ஐந்தாறு.

இனி வராமல் இருக்க, மட்டம் எடுக்கும்போது நுண்கல்லில் தொடங்கி முரட்டுக்கல்லில் முடியுங்கள். வாளித் தண்ணீரை இடையில் மாற்றுங்கள். உதிர்பொடி (கார்பரண்டம் பொடி) போட்டுத் தேய்க்கும் முறையை மென்மையான நுண்கல்லிடம் கொண்டுபோகவே கூடாது. பொடி கல்லில் புதைந்துவிடும்.

கீறல் இல்லை, ஆனால் மட்டம் எடுத்த நுண்கல் முதலில் சற்று முரடாக வெட்டுகிறது என்றால், அது தட்டு விட்டுப்போன வரிகள். சிறு நகுரா கல்லால் தண்ணீர் விட்டுச் சேறு கிளப்பினால் அடங்கும். நகுரா மட்டம் எடுக்கும் கருவி அல்ல. அதன் கையளவு முகம் கல்லின் குழியைப் பின்பற்றித்தான் போகும்.

அறிகுறி: வைரத் தட்டு வெட்டுவதில்லை

புதுத் தட்டு முதல் சில கற்களில் ஆவேசமாக வெட்டி, பிறகு நிதானத்துக்கு வருவது இயல்பு. உயர்ந்து நிற்கும் வைரத் துகள்கள் முதலில் உதிரும். அதற்குப் பிறகும் வேகம் தொடர்ந்து குறைந்தால், எதில் தேய்த்தீர்கள் என்று யோசியுங்கள். 120, 220 கிரிட் சிலிக்கன் கார்பைடு கல்லை இந்தத் தட்டில் மட்டம் எடுத்திருந்தால் சேதத்துக்கு அதுவே காரணம். வைரம் கல்லிடம் தோற்கவில்லை, வைரத்தைப் பிடித்திருக்கும் நிக்கல் பூச்சுதான் தோற்றது. முரட்டுக்கல் உதிர்க்கும் துகள்கள் வைரத்தின் வேரடி நிக்கலை அரித்து, வைரத்தைப் பெயர்த்துவிடும். விரல் நுனியால் தட்டின் மூலையையும் நடுவையும் தடவி ஒப்பிட்டால் தேய்ந்த இடம் வழுக்கும்.

வெறும் அடைப்பாகவும் இருக்கலாம். சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் தட்டைத் துடைத்து நிமிர்த்தி வையுங்கள். ஈரக் கல்லின்மேல் விட்டுவிட்டுப் போனால் எஃகு அடித்தளமுள்ள தட்டு துருப்பிடிக்கும்.

அறிகுறி: கடையில் வாங்கிய எட்டு இஞ்ச் கார்பரண்டம் கல் மட்டமே ஆவதில்லை

ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் முரடு, ஒரு பக்கம் நைஸ் என்று கிடைக்கும் சாம்பல் நிறக் கல். அதில் வாட்டர் பேப்பரைத் தேய்த்தால் தாள்தான் வழுக்கையாகும். தாளிலும் கல்லிலும் இருப்பது ஒரே சிலிக்கன் கார்பைடு, கல்லின் பிடிப்போ வலுவானது. இதற்கு உதிர்பொடிதான் கருவி.

மார்பிள் பாலிஷ் சாமான் விற்கும் இடத்தில் 60 அல்லது 80 நம்பர் கார்பரண்டம் பொடி கேளுங்கள். கண்ணாடியின்மேல் ஒரு டீஸ்பூன் பொடி, இரண்டு ஸ்பூன் தண்ணீர். எண்ணெய் குடித்த கல் என்றால் தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய். கல்லை அதன்மேல் எட்டு வடிவத்தில் ஓட்டுங்கள். தொடக்கத்தில் கரகரவென்று சத்தம் வரும், பொடி உருண்டு உருண்டு வெட்டுகிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் சத்தம் சரசரவென்று இளகும், கைக்கு வழவழப்பாகும். பொடி நொறுங்கி மாவாகிவிட்டது. வழித்து எறிந்துவிட்டுப் புதுப்பொடி போடுங்கள். மாவிலேயே தொடர்ந்து தேய்ப்பதால்தான் ‘எவ்வளவு தேய்த்தும் குழி போகவில்லை’ என்ற புகார் வருகிறது. நன்றாகக் குழிந்த கல்லுக்கு ஏழெட்டு முறை பொடி மாற்ற வேண்டியிருக்கும். கடைசியில் நைஸ் பக்கத்துக்கு மட்டும் 120 நம்பர் பொடியில் ஒரு சுற்று.

உதிர்பொடி கண்ணாடியையும் தின்னும். வாட்டர் பேப்பர் பரப்பும் நல்ல கண்ணாடியை இதற்கு எடுக்காதீர்கள். தனித்துண்டு வைத்து, கண்ணாடி முழுவதையும் பயன்படுத்தி, மூன்று நான்கு கல்லுக்குப் பிறகு ஸ்கேல் வைத்துப் பார்த்துப் புரட்டிப் போடுங்கள். இரண்டு முகமும் குழிந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். அடிக்கடி செய்பவர்கள் மட்டமாகக் கடைந்த வார்ப்பிரும்புத் தகடு வைத்துக்கொள்ளலாம். பொடி இரும்பில் ஓரளவு பதிந்து நிற்பதால் வெட்டும் வேகமாக இருக்கும்.

கல் மட்டமாகவே இருக்கிறது, ஆனால் கறுத்து வழவழவென்று ஆகி உளியைப் பிடிப்பதில்லை என்றால், அது அடைப்பு. பழைய எண்ணெயும் இரும்புப் பொடியும் சேர்ந்து இறுகியிருக்கிறது. ஓர் இரவு மண்ணெண்ணெயில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, அதே பொடியில் இரண்டு நிமிடம் ஓட்டினால் புதுத் துகள் வெளியே வரும்.

அர்கான்சா போன்ற இறுகிய இயற்கைக் கல்லுக்கும் இதே முறைதான், 90 அல்லது 120 நம்பர் பொடியோடு. வைரத் தட்டைக் கொண்டுபோனால் தட்டின் ஆயுள்தான் குறையும்.

அறிகுறி: கல்லின் விளிம்பு பொரிந்து விழுகிறது

ஒவ்வொரு மட்டம் எடுப்புக்குப் பிறகும் விளிம்பு கத்திபோல் கூராகிவிடும். உளி அதில் பட்டால் சில்லு பெயரும், அந்தச் சில்லு முகத்துக்கு வந்து கீறலிடும். கல்லை 45 பாகையில் சாய்த்து, நான்கு விளிம்பையும் அதே தட்டிலோ தாளிலோ 2 மி.மீ. அகலத்துக்கு மழுக்குங்கள். இழுக்கும் திசை விளிம்பின் நீளவாக்கில் இருக்கட்டும், குறுக்கே தள்ளினால் அப்போதே பெயரும்.

பிறகு கழுவி, நிழலில் பக்கவாட்டாக நிறுத்திக் காயவிடுங்கள். வெயிலில் வைத்த வாட்டர் ஸ்டோன் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். மக்னீசியாப் பிடிப்புள்ள (துகள்களை மக்னீசியாவால் பிணைத்த) கற்களை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு வைப்பதும் கூடாது, அவையும் வெடிக்கும்.